பரங்கிமலையில் போட்ட கோடு

ஒரு சங்கிலி இந்தியாவை அளந்த கதை

சென்னையின் தென்புறத்தில் பரங்கிமலை இருக்கிறது. அதன் உயரம் சுமார் 300 அடிதான். சிறு பிள்ளைகள் கூட மூச்சு வாங்காமல் ஏறிவிடலாம்.

வடக்கே, ஆயிரம் மைலுக்கு அப்பால், எவரெஸ்ட் சிகரம் இருக்கிறது. அதன் உயரம் 29,000 அடிக்கு மேல். உலகத்திலேயே அதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது.

இந்தக் குன்றுக்கும் அந்தச் சிகரத்துக்கும் என்ன சம்பந்தம்?

நெருங்கிய சம்பந்தம் உண்டு! எவரெஸ்டின் உயரத்தை உலகத்துக்குச் சொன்ன சர்வே வேலை, பரங்கிமலையின் அடிவாரத்திலேதான் ஆரம்பமாயிற்று. ஆரம்பமான ஆண்டு 1802.

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் தேசப்படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்த சித்திரம் போலத் தோன்றும். உண்மையில், அந்தப் படம் வரைவதற்கு முன்னால் அளக்கப்பட்டது. காட்டிலும் மேட்டிலும், வெயிலிலும் பனியிலும், பல ஆயிரம் பேர் நடந்து அளந்தார்கள். அளந்தவர்களில் பலர் வீடு திரும்பவில்லை.

குத்துமதிப்பான படம்

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு தேசப்படம் எப்படி இருந்தது?

கடற்கரை ஊர்கள் ஓரளவு சரியான இடத்தில் இருந்தன. கப்பல்காரர்கள் சூரியனையும் நட்சத்திரத்தையும் பார்த்து அவற்றைக் குறித்திருந்தார்கள். உள்நாட்டு விஷயம் வேறு. "இங்கிருந்து மேற்கே மூன்று நாள் நடை, நடுவே ஓர் ஆறு, அப்புறம் ஒரு கோட்டை" என்று வழிப்போக்கர்கள் சொல்வார்கள். அதை வைத்துப் படம் போடுவார்கள். மாடு வேகமாக நடந்தால் ஊர் கிட்டே வந்துவிடும். மழை பெய்து வண்டி சேற்றில் சிக்கினால் ஊர் எட்டப் போய்விடும்! படம் இப்படித்தான் இருந்தது.

1799-ஆம் ஆண்டு மே மாதம் 4-ந் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு சுல்தான் போரிலே மாண்டார். மைசூர் ராஜ்யத்தின் பெரும் பகுதிகள் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தன.

கைக்கு வந்த பூமி எவ்வளவு? எங்கே மலை, எங்கே ஆறு? பீரங்கி போக எது வழி? எவ்வளவு வரி வரும்? கும்பினியாருக்கு இவை தெரிய வேண்டியிருந்தது. குடிகளின் நன்மையை நினைத்து அவர்கள் அளக்க முன்வரவில்லை. ஆளுவதற்கும் வரி வாங்குவதற்கும் அவர்களுக்குத் தேசப்படம் தேவைப்பட்டது.

ஆனால் அந்த வேலைக்கு முன்வந்த மனிதர் மனத்தில் வேறோர் ஆசையும் இருந்தது.

நட்சத்திரம் பார்த்த பட்டாளத்துக்காரர்

அவர் பெயர் வில்லியம் லாம்ப்டன். ஆங்கிலப் பட்டாளத்தில் அதிகாரி. அதிகம் பேசமாட்டார். கணக்கும் வானசாஸ்திரமும் என்றால் அவருக்கு உயிர்.

திப்புவுடன் நடந்த போரில் ஓர் இரவு. இருட்டிலே ஒரு படை நடந்து கொண்டிருந்தது. அது தெற்கே போக வேண்டும். லாம்ப்டன் தலை நிமிர்ந்து நட்சத்திரங்களைப் பார்த்தார். படை வடக்கே போய்க் கொண்டிருந்தது! வடக்கே திப்புவின் சேனை இருந்தது. லாம்ப்டன் தளபதியிடம் போய்ச் சொன்னார். தளபதி முதலில் நம்பவில்லை. பிறகு திசைகாட்டியை எடுத்துப் பார்த்தார். லாம்ப்டன் சொன்னதே சரி! படை திரும்பியது.

திசை தப்பினால் உயிர் போகும். அதை நேரிலே கண்டவர் அவர்.

போர் முடிந்ததும் சென்னை கவர்னருக்கு லாம்ப்டன் ஒரு யோசனை சொன்னார். கீழ்க்கடற்கரையிலிருந்து மேல்கடற்கரை வரை நாட்டைக் குறுக்கே அளக்க வேண்டும். அதுவும் குத்துமதிப்பாக அல்ல, கணித முறைப்படி. அப்படி அளந்தால் தேசப்படம் சரியாகும். பூமியின் உருவம் எப்படிப்பட்டது என்பதும் தெரியவரும். பூமி சரியான உருண்டையா, துருவங்களில் எவ்வளவு தட்டை என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்து கொண்டிருந்த காலம் அது. லாம்ப்டனின் ஆசை அதிலேதான் இருந்தது.

கவர்னர் அனுமதி கொடுத்தார்.

சீனாவுக்குப் போன சங்கிலி

அளக்கக் கருவி வேண்டுமே!

லண்டனில் செய்த ஓர் எஃகுச் சங்கிலி கல்கத்தாவில் இருந்தது. நீளம் 100 அடி. இரண்டரை அடி நீளமுள்ள 40 எஃகுத் துண்டுகளைக் கோத்துச் செய்தது. அதற்கு ஒரு கதை உண்டு. 1793-இல் சீனச் சக்கரவர்த்தியைக் காணச் சென்ற ஆங்கிலத் தூதர், மற்றக் காணிக்கைகளோடு அதையும் கொண்டு போனார். சீனச் சக்கரவர்த்திக்கு அது வேண்டியிருக்கவில்லை. சங்கிலி கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து லாம்ப்டன் கைக்கு வந்தது.

கோணம் அளக்கும் கருவிக்குத் தியோடலைட் என்று பெயர். இப்போது சாலை போடும் இடங்களில், மூன்று கால்களின் மேல் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார்களே, அந்தக் கருவிக்கு அது முப்பாட்டன். லாம்ப்டன் லண்டனில் செய்யச் சொன்ன தியோடலைட் அரை டன் எடை! அது வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் நடுக்கடலில் பிடித்து மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டு போய்விட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்த பிரெஞ்சு கவர்னர், அது போர்க் கருவி அல்ல, விஞ்ஞானக் கருவி என்று அறிந்தார். மரியாதையோடு சென்னைக்கு அனுப்பி வைத்தார். எதிரிகளாக இருந்தும் அறிவுக்கு அவ்வளவு மதிப்பு!

57 நாளில் ஏழரை மைல்

தியோடலைட் வருவதற்கு முன்பே முதல் வேலை தொடங்கிவிட்டது. 1802 ஏப்ரல் 10-ந் தேதி. பரங்கிமலை அடிவாரத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றுப் பக்கமாக ஒரு நேர்கோடு. நீளம் ஏழரை மைல்.

சாதாரணமாக ஒருவர் இரண்டரை மணி நேரத்தில் நடந்துவிடக் கூடிய தூரம்தான். அதை அளக்க எத்தனை நாள் ஆயிற்று தெரியுமா? 57 நாள்!

காரணம் இதுதான். சங்கிலியைத் தரையில் போட்டு இழுத்தால் மேடு பள்ளத்தில் வளையும். அதனால் முக்காலிகளின் மேல் நீண்ட மரத் தொட்டிகளை வைத்து, மட்டம் பார்த்து, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தினார்கள். அது சித்திரை வெயில் காலம். வெயிலில் எஃகு நீளும். ஆகவே மேலே கூடாரம் பிடித்தார்கள். பக்கத்தில் உஷ்ணமானி வைத்து, ஒவ்வொரு தடவையும் சூடு எவ்வளவு என்று எழுதிக் கொண்டார்கள். ஒரு சங்கிலி நீளம் அளந்ததும், தொட்டி, முக்காலி, கூடாரம் எல்லாவற்றையும் தூக்கிக் கொண்டு அடுத்த 100 அடிக்குப் போனார்கள். இப்படிச் சுமார் 400 தடவை!

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். சூடு 10 டிகிரி பாரன்ஹீட் ஏறினால், 100 அடிச் சங்கிலி ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் நீளும். கண்ணுக்கே தெரியாது. ஆனால் 400 தடவை சேர்ந்தால் அந்தப் பிழை சுமார் இரண்டரை அடி ஆகிவிடும். அதோடு நிற்காது. ஏழரை மைலில் இரண்டரை அடி தப்பினால், 1,500 மைலில் 500 அடி தப்பும்! முதல் கோட்டை நம்பித்தான் மற்றக் கோடுகள் எல்லாம் நின்றன. அஸ்திவாரம் கோணினால் மாளிகை என்ன ஆகும்?

முக்கோணத்தின் மகிமை

ஏழரை மைல் அளந்து விட்டால் இந்தியா முழுவதையும் அளந்தது போல ஆகுமா? ஆகும். அந்த ரகசியம் முக்கோணத்தில் இருக்கிறது.

வீட்டுப் பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்கலாம். குளத்தின் அக்கரையில் ஒரு தென்னை மரம் நிற்கிறது. குளத்தில் இறங்காமல் அது எவ்வளவு தூரம் என்று சொல்ல வேண்டும். இக்கரையில் 100 அடி இடைவெளி விட்டு இரண்டு முளை அடியுங்கள். முதல் முளையில் நின்று தென்னையைப் பாருங்கள். இரண்டு முளைகளையும் இணைக்கும் கோட்டுக்கும், தென்னையை நோக்கும் பார்வைக்கும் நடுவே என்ன கோணம் என்று அளந்து கொள்ளுங்கள். இரண்டாவது முளையில் நின்றும் அவ்வாறே அளந்து கொள்ளுங்கள்.

இப்போது ஒரு பெரிய காகிதத்தில் 10 அங்குலக் கோடு போடுங்கள். அதுதான் உங்கள் 100 அடி. அதன் இரு முனைகளிலிருந்தும் நீங்கள் அளந்த கோணங்களில் இரண்டு கோடுகள் இழுங்கள். அவை சந்திக்கும் இடத்தில் தென்னை மரம்! காகிதத்தில் ஓர் அங்குலம் என்றால் தரையில் 10 அடி. தூரம் தெரிந்து விட்டது. கால் நனையவில்லை!

லாம்ப்டன் செய்தது இதைத்தான். பரங்கிமலைக் கோடு அவருக்கு முதல் பக்கம். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் உள்ள ஒரு குன்றைப் பார்த்தார். முதல் முக்கோணம் கிடைத்தது. அதன் மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கில் வந்துவிட்டன. அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த குன்றைப் பார்த்தார். இரண்டாவது முக்கோணம். பிறகு மூன்றாவது, நான்காவது. இப்படிக் குன்றுக்குக் குன்று, முக்கோணத்தின் மேல் முக்கோணம், நாடு முழுவதும் ஒரு வலை பின்னியது போல.

கணக்கு சரிதானா என்று பார்க்கவும் வழி இருந்தது. நூறு இருநூறு மைல் போனதும் மறுபடியும் சங்கிலியைப் போட்டு ஒரு கோட்டை நேரிலே அளப்பார்கள். முக்கோணக் கணக்கு சொன்ன நீளமும், சங்கிலி சொன்ன நீளமும் ஒத்துப் போக வேண்டும். 1804-இல் பெங்களூர் அருகே அப்படி அளந்தார்கள். ஏழு மைல் நீளக் கோட்டில் வந்த வித்தியாசம் சில அங்குலங்களே!

40 மைல் எங்கே?

முக்கோணங்கள் மேற்கே நடந்து மங்களூர்க் கடற்கரையை அடைந்தன. அப்போது ஓர் அதிசயம் வெளிப்பட்டது. பழைய படங்களின்படி சென்னைக்கும் மங்களூருக்கும் நடுவே 400 மைல். லாம்ப்டனின் கணக்குப்படி 360 மைல்தான்!

40 மைல் காணோம்! உண்மையில் அது என்றைக்குமே இருந்ததில்லை. படத்திலே மட்டும் இருந்த பூமி அது. லாம்ப்டனைச் சந்தேகித்தவர்களும் பிறகு வாயை மூடிக் கொண்டார்கள்.

ஜனங்களுக்கு இந்த வேலை புரியவில்லை. மலை உச்சியில் கொடி நடுகிறான், குழாயில் பார்க்கிறான், ஏதோ எழுதுகிறான் என்றால் சந்தேகம் வராதா? அந்தக் குழாயில் உருவங்கள் தலைகீழாகத் தெரியும். வீட்டுப் பெண்களைப் பார்க்கிறார்கள் என்று சில இடங்களில் வதந்தி பரவியது. ஊருக்குள் அந்நியன் வந்து அளக்கிறான் என்றால், பின்னாலேயே வரி வரும் என்பதும் குடிகளுக்குத் தெரியும். அவர்கள் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

தஞ்சாவூரில் வந்த ஆபத்து

1808-ஆம் ஆண்டு. வேலை காவேரிக் கரைக்கு வந்தது. தஞ்சாவூர்ச் சீமையில் எங்கே பார்த்தாலும் வயலும் தோப்பும்தான். ஏறி நின்று பார்க்கக் குன்று கிடையாது. ஆகவே கோயில் கோபுரங்களே குன்றுகளாயின.

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தை விட உயரமான இடம் வேறு ஏது? 200 அடிக்கு மேல் உயரம்! அரை டன் தியோடலைட்டைக் கயிறு கட்டி மேலே ஏற்றினார்கள். பாதி வழியில் ஒரு கயிறு அறுந்தது. தியோடலைட் சுவரில் மோதியது. நசுங்கிவிட்டது!

எல்லோரும் திகைத்து நின்றார்கள். இன்னொன்று வேண்டுமானால் இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். அதற்கு எத்தனை மாதம், எவ்வளவு பணம்? அதுவரை வேலை நிற்க வேண்டும்.

லாம்ப்டன் ஒருவரையும் குறை சொல்லவில்லை. கருவியைக் கூடாரத்துக்குள் கொண்டு போனார். கைதேர்ந்த தொழிலாளிகள் சிலரை மட்டும் கூட வைத்துக் கொண்டார். கோணம் குறித்த பெரிய வட்டம் வளைந்து போயிருந்தது. ஒரு பலகையில் சரியான வட்டம் வரைந்தார். அந்த அளவுக்கு வரும்வரை, ஆப்பு வைத்தும் திருகாணி முடுக்கியும் கப்பி கொண்டு இழுத்தும், நசுங்கிய வட்டத்தைச் சிறிது சிறிதாக நிமிர்த்தினார். ஆறு வாரம்! தியோடலைட் பிழைத்துக் கொண்டது. அதன் பிறகும் ஏறத்தாழ 20 ஆண்டுகள் அது உழைத்தது.

வேலை தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் வரை போயிற்று. பிறகு வடக்கே திரும்பியது. 1823 ஜனவரி 20-ந் தேதி, நாகபுரிக்குத் தெற்கே ஹிங்கன்காட் என்ற ஊரில், வேலைக்குப் போகும் வழியிலேயே லாம்ப்டன் இறந்தார். அப்போது அவருக்கு ஏறத்தாழ 70 வயது. அதற்குள் அவர் அளந்து முடித்திருந்த பூமி சுமார் 1,65,000 சதுர மைல். அந்த ஊரிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

காய்ச்சலின் காடு

அவருக்குப் பின் வந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். 1818-இல் உதவியாளராகச் சேர்ந்தவர். மிகவும் கண்டிப்பானவர். முன்கோபமும் உண்டு.

கிருஷ்ணா நதிக்கும் கோதாவரிக்கும் நடுவே உள்ள காட்டில் அவர் அளக்கப் போனார். மழைக்காலம். மலேரியாக் காய்ச்சல் பிடித்தது. எவரெஸ்டும், அவருடன் போன ஏறத்தாழ 150 பேரும் படுக்கையில் விழுந்தார்கள். ஐதராபாத்திலிருந்து யானைகளும் வண்டிகளும் பல்லக்குகளும் வந்து அவர்களைத் தூக்கிச் சென்றன. வழியிலேயே பலர் உயிர் விட்டனர். எவரெஸ்டின் பெயரைச் சரித்திரம் எழுதி வைத்திருக்கிறது. அங்கே மாண்ட கலாசிகளின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

பிற்காலத்தில் எவரெஸ்டின் உடம்பு மிகவும் தளர்ந்தது. கருவியின் முன்னால் உட்கார வைக்கவும் தூக்கிவிடவும் இரண்டு ஆள் வேண்டியிருந்தது. அப்போதும் அவர் வேலையை விடவில்லை.

வடக்கே கங்கைச் சமவெளி வந்ததும் புதுத் தொல்லை. பகலில் தூசியும் கானலும் பார்வையை மறைத்தன. ஆகவே இரவில் விளக்கேற்றிப் பார்த்தார்கள். அங்கேயும் குன்றுகள் இல்லை. ஆகவே சுமார் 50 அடி உயரத்துக்குக் கோபுரங்கள் கட்டி, அவற்றின் மேல் தியோடலைட்டை வைத்தார்கள். பார்வைக்குக் குறுக்கே நின்ற மரங்களை வெட்டினார்கள். சில இடங்களில் ஏழைகளின் குடிசைகளும் இடிக்கப்பட்டன.

1841-இல், இமயமலை அடிவாரம் வரை அந்தப் பெரிய அளவு முடிந்தது. தெற்குக் கோடியிலிருந்து சுமார் 1,500 மைல் நீளம்! உலகத்தில் அதற்கு முன்பு அவ்வளவு நீளமான கோடு அப்படித் துல்லியமாக அளக்கப்பட்டதில்லை.

15-ஆம் எண் சிகரம்

இமயத்தின் உயரத்தை அளக்க வேண்டுமே! நேபாள ராஜ்யம் ஆங்கிலேயரை உள்ளே விடவில்லை. ஆகவே சமவெளியில் நின்றபடியே, நூறு மைலுக்கு அப்பாலிருந்து சிகரங்களைப் பார்த்துக் கோணம் அளந்தார்கள். குளத்தங்கரைத் தென்னைக் கணக்கேதான்! தென்னையின் இடத்தில் பனிச் சிகரம். சிகரங்களுக்குப் பெயருக்குப் பதிலாக எண் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று 15-ஆம் எண் சிகரம். 1849-இல் ஆறு இடங்களிலிருந்து அதை அளந்தார்கள்.

அளந்தது பாதி வேலை. மறுபாதி, காகிதத்தில். அவ்வளவு தூரத்திலிருந்து வரும் ஒளி, காற்றில் சிறிது வளைந்து வரும். பூமியின் முதுகும் வளைந்தது. இரண்டுக்கும் கணக்குப் போட்டுக் கழிக்க வேண்டும். அந்தக் கணக்கில் பெரும் பங்கு ஒரு வங்காளி இளைஞருடையது. அவர் ராதாநாத் சிக்தார். கல்கத்தாவில் 1813-இல் பிறந்தவர். 18 வயதில் சர்வே இலாகாவில் சேர்ந்தவர். எவரெஸ்டே அவருடைய கணிதத் திறமையைக் கண்டு வியந்தார். பின்னாளில் தலைமைக் கணக்கர் ஆனார்.

1856-இல் முடிவு வெளியாயிற்று. 15-ஆம் எண் சிகரத்தின் உயரம் 29,002 அடி. உலகத்திலேயே உயர்ந்த சிகரம்!

நேபாளமும் சீனாவும் புதிய கருவிகளால் அளந்து, 2020 டிசம்பரில் சேர்ந்து வெளியிட்ட உயரம் 8,848.86 மீட்டர். அடிக் கணக்கில் 29,031-க்குச் சற்று மேல். அந்தக் காலத்தில் மலைப் பக்கமே போகாமல் போட்ட கணக்குக்கும், இந்தக் காலக் கணக்குக்கும் வித்தியாசம் சுமார் 30 அடிதான். ஆயிரத்தில் ஒரு பங்கு!

சிகரத்துக்கு யார் பெயர் வைத்தார்கள்? அப்போதைய சர்வே தலைவர், தமக்கு முன் அந்தப் பதவியில் இருந்த எவரெஸ்டின் பெயரை வைத்தார். "இந்தப் பெயரை இந்திய மக்களால் உச்சரிக்க முடியாதே" என்ற கருத்தை எவரெஸ்டே சொன்னார். ஒருவரும் கேட்கவில்லை. அந்தச் சிகரத்துக்குத் திபெத்தியர் வழங்கிய சோமொலுங்மா என்ற பெயர் ஏற்கனவே இருந்தது.

சிக்தாருக்குக் கிடைத்தது என்ன? 1851-இல் வெளியான சர்வே பாடப் புத்தகத்தில் கடினமான கணிதப் பகுதிகள் அவர் எழுதியவை. முகவுரையில் அதற்கு நன்றி சொல்லியிருந்தார்கள். அவர் 1870-இல் இறந்தார். 1875-இல் வந்த பதிப்பில் அவர் பெயரைக் காணோம்! கணக்கு இருந்தது, கணக்குப் போட்டவர் பெயர் போய்விட்டது. அந்த அநியாயத்தை அப்போதே ஓர் ஆங்கிலப் பத்திரிகை கண்டித்து எழுதியது.

ஜபமாலையில் கணக்கு

திபெத்துக்குள் தியோடலைட் போக முடியாது. வெள்ளைக்காரர் போனால் தலை தப்பாது. ஆகவே குமாவோன் மலையிலுள்ள மிலம் கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார் நைன் சிங்கை அனுப்பினார்கள்.

டேராடூனில் அவருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மேட்டிலும் பள்ளத்திலும் ஒவ்வோர் அடியும் ஒரே நீளமாக எடுத்து வைக்க வேண்டும். 2,000 அடி வைத்தால் ஏறத்தாழ ஒரு மைல். யாத்ரீகர் வேஷம் போட்டுக் கொண்டு நடந்தார். கையில் ஜபமாலை. சாதாரண மாலையில் 108 மணி. அவர் மாலையில் 100 மணி! நூறு அடி நடந்ததும் ஒரு மணியைத் தள்ளுவார். ஒரு சுற்று முடிந்தால் 10,000 அடி. பௌத்தர்கள் சுழற்றும் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரச் சுருளுக்குப் பதிலாகக் கணக்குக் காகிதம். உயரத்தை அறிய, வெந்நீரில் உஷ்ணமானியை வைத்துப் பார்த்தார். மலை மேலே போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் அல்லவா?

1866 ஜனவரியில் அவர் லாசா நகரை அடைந்தார். அந்தப் பயணத்தில் அவர் எண்ணி நடந்த தூரம் சுமார் 1,200 மைல். ஏறத்தாழ 25 லட்சம் அடிகள்! அகப்பட்டிருந்தால் உயிர் தப்பியிருக்காது. லாசாவின் இடத்தையும் உயரத்தையும் உலகத் தேசப்படத்தில் சரியாகக் குறித்துக் கொடுத்தவர் அந்த ஏழை வாத்தியார். 1877-இல் லண்டன் பூகோள சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது.

வானத்தில் சங்கிலி

இப்போது யாரும் 100 அடிச் சங்கிலியைத் தூக்கிக் கொண்டு மலை ஏறுவதில்லை. கைப்பேசியைத் தொட்டால் நாம் நிற்கும் தெருவே படத்தில் தெரிகிறது. அதிலும் அடிப்படை பழைய கணக்குத்தான். சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக் கோள்கள் சுற்றுகின்றன. அவை அனுப்பும் ரேடியோச் செய்தி கைப்பேசிக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்த்து, ஒவ்வொன்றும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடப்படுகிறது. நான்கு செயற்கைக் கோள்களின் தூரம் தெரிந்தால் போதும், நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். அன்று குன்றின் மேல் கொடி. இன்று வானத்தில் செயற்கைக் கோள்.

ஆளுவதற்கென்று அந்நியர் செய்த அளவு, 1947-க்குப் பிறகு நாட்டுக்குச் சொந்தமாயிற்று. அணை கட்டவும், ரயில் பாதை போடவும், கால்வாய் வெட்டவும் சர்வே படங்களே கை கொடுத்தன.

2004-இல் இந்தியத் தபால் இலாகா அந்தப் பெரிய அளவின் நினைவாகத் தபால் தலைகள் வெளியிட்டது. ராதாநாத் சிக்தாரின் படமும், நைன் சிங்கின் படமும் அவற்றில் இடம் பெற்றன. தாமதமானாலும் நல்ல காரியம்.

ஆனால் சங்கிலி இழுத்தவர்கள், கொடி பிடித்தவர்கள், இரவெல்லாம் மலை உச்சியில் விளக்கு அணையாமல் காத்தவர்கள், தஞ்சாவூரில் கயிறு பிடித்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் எந்தத் தபால் தலையிலும் இல்லை. அவர்களில் ஒருவர் சோம்பி, ஓர் எண்ணைப் பொய்யாகச் சொல்லியிருந்தால், அதன் மேல் கட்டிய கணக்கு முழுதும் கோணிப் போயிருக்கும். மங்களூர் தன் இடத்தில் இருக்கிறது என்றால், லாசா தன் இடத்தில் இருக்கிறது என்றால், அவர்கள் பொய் சொல்லவில்லை என்று அர்த்தம்.

தேசப்படத்தில் ஊர்களின் பெயர் மட்டும்தான் அச்சாகும். ஆனாலும் அந்த உழைப்பாளிகளின் கையெழுத்து, அதில் உள்ள ஒவ்வொரு கோட்டிலும் இருக்கிறது.